டெஷாம்ப்ஸின் பிரான்ஸ் ஏன் இப்படி ஆடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸ் கால்பந்து அணி ஆடும் ஒவ்வொரு பெரிய தொடரிலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. இத்தனை நல்ல வீரர்களை வைத்துக்கொண்டு ஏன் இப்படி ஆடுகிறார்கள், இப்படி ஆடியும் எப்படிக் கடைசி வரைக்கும் போய்விடுகிறார்கள்? நான் பிரான்ஸ் ரசிகன் இல்லை. பயிற்சியாளர் டிடியே டெஷாம்ப்ஸின் அணியைப் பார்க்கும்போது எனக்குப் பாதி நேரம் எரிச்சல்தான் வரும். ஆனால் அவரைத் திட்டுகிறவர்களில் பலர் தப்பான காரணத்துக்காகத் திட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தப் பக்கம்.

முதலில், டெஷாம்ப்ஸ் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1968-ல் பயோனில் பிறந்தவர். ஆடிய காலம் முழுக்க நடுக்களத்தில் பின்தங்கி நின்று, பந்தைப் பறித்து, பக்கத்தில் இருக்கும் திறமைசாலியிடம் கொடுத்துவிட்டு மறுபடி தன் இடத்துக்கு ஓடியவர். எரிக் கன்டோனா அவரை ஒருமுறை 'தண்ணீர் சுமப்பவர்' என்று மட்டம்தட்டினார், அந்தப் பெயர் இன்றுவரை கூடவே வருகிறது. அந்தத் தண்ணீர் சுமப்பவர் 1993-ல் மார்செயுடனும் 1996-ல் யுவென்டஸுடனும் சாம்பியன்ஸ் லீக் வென்றார். 1998 உலகக் கோப்பையையும் 2000 யூரோ கோப்பையையும் பிரான்ஸின் கேப்டனாகத் தூக்கினார்.

பயிற்சியாளராக மொனாக்கோவை 2004 சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை கொண்டுபோனார், 2010-ல் மார்செயுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார், 2012 ஜூலையில் பிரான்ஸ் அணிக்கு வந்தார். 2018-ல் உலகக் கோப்பை. வீரராகவும் பயிற்சியாளராகவும் அதை வென்றவர்கள் அதுவரை பிரேசிலின் ஜகாலோவும் ஜெர்மனியின் பெக்கன்பவரும்தான், மூன்றாவது ஆள் இவர்.

இந்த ஜாக்கிரதைப் புத்தி எங்கிருந்து வந்தது?

மூன்று இடங்களிலிருந்து என்று சொல்லலாம்.

ஒன்று, 1998. இன்றைக்கு எல்லோருக்கும் நினைவில் இருப்பது ஜிதானின் அழகு. ஆனால் தொடருக்கு முன்னால் பயிற்சியாளர் எமே ஜாக்கேயை லெகிப் நாளிதழ் போட்டுத் தாளித்தது, அவரிடம் துணிச்சல் இல்லை, கற்பனை இல்லை என்று. அந்த அணி ஏழு ஆட்டத்தில் வாங்கியது இரண்டே கோல். முதன்மை ஸ்ட்ரைக்கர் கிவார்ஷ் ஒரு கோலும் அடிக்கவில்லை. அரையிறுதியில் இரண்டு கோலும் அடித்தது துராம் என்ற டிஃபெண்டர், இறுதியில் ஜிதானின் இரண்டு கோலும் கார்னரிலிருந்து வந்த தலைமுட்டு. கேப்டனாக இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்ன பாடம் படித்திருப்பார்?

இரண்டு, யுவென்டஸ். 90-களின் இத்தாலியில் ஐந்து சீசன், பெரும்பாலும் பயிற்சியாளர் லிப்பியிடம். அங்கே ஒரு கோல் முன்னிலை என்பது சொத்து, அதைக் காப்பாற்றத் தெரியாதவனை யாரும் மதிக்க மாட்டார்கள்.

மூன்றாவது அதிகம் பேசப்படாதது: 2010 தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பை. ஸ்ட்ரைக்கர் அனெல்காவை வீட்டுக்கு அனுப்பியதற்காக வீரர்கள் பயிற்சி செய்ய மறுத்து பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொண்டார்கள், உலகமே பார்த்துச் சிரித்தது. 2012 யூரோவிலும் சில்லறைச் சண்டைகள். அந்த நிலையில் அணியை வாங்கியவர் முதலில் வீட்டைத்தான் ஒழுங்குபடுத்துவார், அழகெல்லாம் அப்புறம்.

சரி, அவர் தற்காப்புப் பயிற்சியாளர்தானே?

எண்களைப் பார்த்துவிட்டுப் பேசலாம். 2018-ல் ஏழு ஆட்டத்தில் 14 கோல் அடித்து 6 வாங்கினார்கள், நான்கு ஆட்டத்தில் கோலே வாங்கவில்லை. சரி, இது தற்காப்பு அணி என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். 2022-ல் 16 அடித்து 8 வாங்கினார்கள். கோல் வாங்காத ஆட்டம் மொத்தத் தொடரிலும் ஒன்றே ஒன்று, மொராக்கோவுடன் ஆடிய அரையிறுதி. ஆஸ்திரேலியா, டென்மார்க், துனிசியா, போலந்து, இங்கிலாந்து, அர்ஜென்டினா எல்லோரும் கோல் போட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் அணியின் கணக்கு இப்படி இருக்காது.

அதனால் 'தற்காப்பு' என்ற முத்திரை முழுசாகப் பொருந்தாது. அவர் செய்வது பேரம். முன்னால் இருக்கும் ஓர் அசாத்தியமான ஆளைத் தற்காப்பு வேலையிலிருந்து விடுவிப்பார், அந்த விடுதலைக்கான விலையை மற்ற எல்லோரிடமும் வசூலிப்பார். அவர் பிரான்ஸில் செய்த எல்லாமே, வெற்றியும் சொதப்பலும், இந்தப் பேரத்தின் வெவ்வேறு வடிவம்தான்.

அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா? 2018-ல் எப்படி நடந்தது?

முதல் ஆட்டம் ஆஸ்திரேலியாவுடன். முன்னால் எம்பாப்பே, கிரீஸ்மான், டெம்பெலே என்று மூன்று வேகக்காரர்களை இறக்கினார், எல்லோரும் கேட்டது அதைத்தான். எடுபடவில்லை. விஏஆர் (வீடியோ நடுவர்) கொடுத்த ஒரு பெனால்டி, எதிரணிக்காரர் காலில் பட்டு உள்ளே போன ஒரு பந்து, எப்படியோ 2-1. பெரும்பாலான பயிற்சியாளர்கள் இன்னொரு ஆட்டம் பொறுத்துப் பார்த்திருப்பார்கள். இவர் அடுத்த ஆட்டத்துக்கே டெம்பெலேயை உட்கார வைத்துவிட்டு ஜிரூவைக் கொண்டுவந்தார், டொலிசோ இடத்தில் மத்துயிதியை வைத்தார்.

மத்துயிதிதான் இங்கே விஷயம். காகிதத்தில் அவர் இடது விங்கர். நிஜத்தில் நடுக்கள வீரர், இடது ஓரத்தில் நிற்கும் மூன்றாவது காவல்காரர். அவர் உள்பக்கமாக ஒடுங்கி வந்துவிடுவதால் இன்னொரு நடுக்கள வீரர் கான்டே வலதுபக்கம் நகர்ந்து எம்பாப்பேயின் முதுகுப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள முடிந்தது, போக்பாவுக்குத் தலையை நிமிர்த்தி நீளப் பாஸ் போட நேரம் கிடைத்தது. ஃபுல்பேக்குகளாக, அதாவது ஓரத் தற்காப்பு வீரர்களாக, வந்த பவாரும் லூக்காஸ் ஹெர்னாண்டஸும் அடிப்படையில் சென்டர்பேக் (நடுவில் நிற்கும் தற்காப்பு வீரர்) வேலை தெரிந்தவர்கள், ஆக மொத்தம் பின்னால் நான்கு சென்டர்பேக். இவ்வளவு பேரும் அடக்கி வாசித்ததால்தான் 19 வயது எம்பாப்பே வலது ஓரத்தில் பந்துக்காகக் காத்திருக்க முடிந்தது. அர்ஜென்டினாவுக்கு எதிராக அவர் தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடி பெனால்டி வாங்கினாரே, அந்த ஓட்டத்துக்கு முன்னால் இருந்த காலி மைதானம் தற்செயலாகக் கிடைத்தது இல்லை. பின்னால் ஒதுங்கி, எதிரணியை மேலே வரவிட்டு, உண்டாக்கிக்கொண்ட காலி இடம் அது.

ஸ்ட்ரைக்கர் ஒரு கோல்கூட அடிக்காமல் உலகக் கோப்பையா? ஜிரூவை ஏன் வைத்திருந்தார்?

ஜிரூ 2018-ல் கோல் போடவில்லை, கோல் சட்டத்துக்குள் போகும்படி ஒரு ஷாட்டும் அடிக்கவில்லை. உண்மைதான். ஆனால் பெருவுக்கு எதிராக எம்பாப்பே போட்ட கோல் ஜிரூ அடித்து எதிரணிக்காரர்மேல் பட்டுத் திரும்பிய பந்து. அர்ஜென்டினாவுக்கு எதிரான நான்காவது கோலுக்குப் பாஸ் கொடுத்ததும் அவரே. இரண்டு சென்டர்பேக்குகளையும் முதுகில் தாங்கிக்கொண்டு, நீளமாக வரும் பந்தை இறக்கி, கிரீஸ்மானுக்கும் எம்பாப்பேவுக்கும் இடம் உண்டாக்குவது அவர் வேலை. கார்னரின்போது பின்னால் வந்து தலையால் பந்தை வெளியேற்றுவதும்.

இதே ஜிரூ பிறகு ஆன்ரியின் 51 கோல் சாதனையைத் தாண்டி 57-ல் முடித்தார். கோல் அடிக்கத் தெரியாதவர் என்று சொல்பவர்களுக்காக இது.

2018 அரையிறுதியில் பெல்ஜியத்தை வென்றது ஃபுட்பாலுக்கே விரோதமான ஆட்டம் என்றார்களே?

பெல்ஜியம் கோல்கீப்பர் கோர்ட்வா அந்தத் தொனியில்தான் பேசினார். அவர்கள் கேப்டன் அசார் இந்த பிரான்ஸாக ஜெயிப்பதைவிட இந்த பெல்ஜியமாகத் தோற்பதே மேல் என்கிற மாதிரி சொன்னார். தோற்ற அன்றைக்கு யாரும் அப்படித்தான் பேசுவார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தால் பிரான்ஸ் சும்மா குத்தவைத்து உட்காரவில்லை. பெல்ஜியத்தின் உயரமான ஆள் ஃபெலைனியின்மேல் போக்பாவை ஏவிவிட்டார்கள், காற்றில் வரும் பந்து அவரிடம் போகாமல் பார்த்துக்கொள்வதற்காக. 51-வது நிமிடத்தில் கிரீஸ்மான் எடுத்த கார்னரில் உம்திதி அதே ஃபெலைனியை முந்தித் தலையால் தட்டினார். 1-0. அதற்குப் பிறகு பந்து பெல்ஜியத்திடமே இருந்தது, ஆனால் சென்டர்பேக்குகள் வரானும் உம்திதியும் நிற்கும் இடத்தைத் தாண்டி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. கடைசி நிமிடங்களில் நேரம் கடத்தினார்களா? கடத்தினார்கள். எரிச்சலாக இருந்ததா? இருந்தது.

கார்னர், ஃப்ரீகிக்கை நம்பியே ஜெயித்தார்கள் என்பது சரியா?

பெரும்பாலும் சரி. 2018 காலிறுதியில் உருகுவேக்கு எதிரான முதல் கோல் ஃப்ரீகிக்கிலிருந்து வரானின் தலை. அரையிறுதியில் சொன்னேனே, கார்னர். இறுதியில் ஃப்ரீகிக் ஒன்று குரோஷியாவின் மண்ட்சூகிச் தலையில் பட்டு அவர்கள் கோலுக்குள்ளேயே போனது, இரண்டாவது கோல் கார்னரில் கையில் பட்டதற்கான பெனால்டி. அதாவது கடைசி மூன்று ஆட்டத்திலும் கணக்கைத் தொடங்கி வைத்தது நின்ற பந்துதான். போக்பாவும் எம்பாப்பேவும் ஓடும் ஆட்டத்தில் அடித்தது அதற்குப் பிறகு, குரோஷியா வேறு வழியில்லாமல் மேலே வந்தபோது.

தேசிய அணிக்கு இது புத்திசாலித்தனம். கார்னரை ஒரு மாலைப் பயிற்சியில் பழகிவிடலாம். ஓடும் ஆட்டத்தில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி நகர்வதை அப்படிப் பழக்க முடியாது.

கிளப் அணிகள் எவ்வளவு அழகாக ஆடுகின்றன! அதே வீரர்கள் நாட்டுக்கு ஆடும்போது மட்டும் ஏன் முடியாது?

நேரம் இல்லை. கிளப் பயிற்சியாளர் வீரர்களைத் தினமும் பார்க்கிறார். தேசியப் பயிற்சியாளருக்கு வருஷத்தில் சில முறை, ஒவ்வொரு முறையும் சில நாட்கள். அதில் பாதி பயணக் களைப்பும் மசாஜும். ஒருவர் மாட்ரிட்டில் ஒரு முறையில் பழகியவர், இன்னொருவர் மான்செஸ்டரில் வேறொன்று, மூன்றாமவர் மிலானில். தாக்குதல் என்பது பழக்கம், நூறு தடவை சேர்ந்து செய்தால்தான் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட வரும். தற்காப்பு அப்படி இல்லை: எந்தக் கோட்டில் நிற்பது, யார் யாரைப் பார்ப்பது, பந்து அந்தப் பக்கம் போனால் எவ்வளவு நகர்வது என்பதைச் சில நாட்களில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதனால் உலகம் முழுக்கத் தேசியப் பயிற்சியாளர்கள் பின்னாலிருந்து கட்டத் தொடங்குகிறார்கள்.

ஆனால் இந்தச் சாக்கை முழுசாக ஏற்க எனக்கு மனசில்லை. ஸ்பெயினுக்கும் அதே நேரம்தானே? 2024 யூரோவில் ஏழு ஆட்டத்தையும் ஜெயித்தார்கள், பந்தை வைத்துக்கொண்டு, விங்கர்களை விரட்டிவிட்டு. அவர்கள் பயிற்சியாளர் டெ லா ஃபுவென்டே அதே பையன்களில் பலரை இளையோர் அணிகளிலிருந்தே வளர்த்தவர், ஒரே பாணி அடியிலிருந்து மேல் வரை. பிரான்ஸின் வளம் வேறு வகை. பாரிஸ் புறநகர்களிலிருந்தும் அகாடமிகளிலிருந்தும் வேகமும் உடல்வலுவும் உள்ள வீரர்கள் கொட்டுகிறார்கள், ஆனால் அவர்கள் எல்லோரையும் இணைக்கும் ஒரு பொதுப் பாணி கிடையாது. டெஷாம்ப்ஸுக்கு அப்படி ஒன்றை உண்டாக்கப் பத்து வருஷத்துக்கு மேல் கிடைத்தது. அவர் முயற்சிக்கவில்லை. இதுதான் அவர்மேல் வைக்கக்கூடிய நியாயமான குற்றச்சாட்டு என்பது என் கருத்து.

2022-ல் என்ன மாறியது?

நிறைய. போக்பா, கான்டே, பென்சிமா, என்குங்கு, கிம்பெம்பே எல்லோரும் காயம். முதல் ஆட்டத்திலேயே லூக்காஸ் ஹெர்னாண்டஸும் காயமடைந்து போக, தம்பி தியோ உள்ளே வந்தார். 2018 அணியின் நடுக்கள முதுகெலும்பு கிட்டத்தட்ட முழுசாகப் போய்விட்டது.

இப்போது எம்பாப்பே இடதுபக்கம். அவர் பின்னால் இருப்பதோ தாக்கவே ஆசைப்படும் தியோ. அந்தப் பக்கம் அப்படியே திறந்து கிடக்கும் இல்லையா? அதை மூட ரபியோவை இடது நடுக்களத்தில் வைத்தார். வலது ஃபுல்பேக்காகக் கூண்டே என்ற சென்டர்பேக். எல்லாவற்றுக்கும் மேலாக கிரீஸ்மானைக் கீழே இறக்கினார். ஒரு காலத்தில் அணியின் நட்சத்திரத் தாக்குதல் வீரர், 2016 யூரோவில் அதிக கோல் அடித்தவர், இப்போது நடுக்களத்தில் ஓடி ஓடிப் பந்தைப் பறிக்கிறார், தன் பெனால்டி பகுதிக்குள் நின்று பந்தை வெளியேற்றுகிறார், பறித்த கையோடு முன்னால் பாஸும் போடுகிறார். மொராக்கோ ஆட்டத்தில் அவர் ஆடியதை நான் மறக்க மாட்டேன். தனக்கு வந்த நட்சத்திர அந்தஸ்தை எம்பாப்பேவுக்காக விட்டுக்கொடுத்துத் தண்ணீர் சுமக்கப் போன ஆள் அவர். அந்த வேலையின் மதிப்பு டெஷாம்ப்ஸைவிட யாருக்குத் தெரியும்? 2017-லிருந்து 2023 வரை ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 84 ஆட்டம் கிரீஸ்மானை ஆட வைத்தார்.

மற்றபடி அந்தப் பேரத்தில் ஓட்டை இருந்தது என்பதும் உண்மை. இங்கிலாந்து ஆட்டத்தில் அந்த இடதுபக்கத்தில் சாக்கா பிரான்ஸைப் பாடாய்ப் படுத்தினார். இரண்டு பெனால்டி கொடுத்தார்கள், இரண்டாவதை இங்கிலாந்து கேப்டன் ஹாரி கேன் கோல் சட்டத்துக்கு மேலே அடித்ததால்தான் 2-1.

2022 இறுதி ஆட்டத்தில் 41-வது நிமிடத்திலேயே இரண்டு பேரை மாற்றினாரே, பதற்றமா?

இல்லை, அது அவருடைய சிறந்த தருணங்களில் ஒன்று. அர்ஜென்டினா 2-0. பிரான்ஸ் ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. இடைவேளைக்கு நான்கு நிமிடம்தான் இருந்தது, காத்திருக்கலாம், அதுதான் மரியாதை. இவர் காத்திருக்காமல் ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே எடுத்து மார்க்கஸ் துராமையும் கோலோ முவானியையும் விட்டார். 71-வது நிமிடத்தில் இன்னும் பெரிய முடிவு: கிரீஸ்மானையே எடுத்தார், தியோவையும் எடுத்தார், கோமான் உள்ளே, கமவிங்கா இடது ஃபுல்பேக். கட்டியிருந்த மொத்தக் கணக்கையும் கிழித்துப் போட்டுவிட்டு நான்கு முன்கள வீரர்களோடு ஆட்டத்தைக் கலைத்துவிட்டார். 80, 81-வது நிமிடங்களில் எம்பாப்பே இரண்டு கோல், கூடுதல் நேரத்தில் மூன்றாவது. 3-3. 120 நிமிடமும் தாண்டிக் கோலோ முவானி தனியாக நின்று அடித்த பந்தை அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்டினஸ் காலால் தடுக்காமல் இருந்திருந்தால், இரண்டு உலகக் கோப்பை வென்ற ஒரே பயிற்சியாளரான இத்தாலியின் பொட்ஸோவுக்குப் பக்கத்தில் இவர் பெயரும் இருந்திருக்கும். ஷூட்அவுட்டில் 4-2 தோல்வி.

2018 இறுதியிலும் இதே குணம்தான். தொடர் முழுக்க அணியைத் தாங்கிய கான்டே அன்றைக்கு மஞ்சள் அட்டையோடு தடுமாறினார், முன்னிலையில் இருக்கும்போதே 55-வது நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டார். பிடிவாதக்காரர் என்று இவரைச் சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் 2016 யூரோ இறுதி?

அது மன்னிக்க முடியாதது. சொந்த மண், பாரிஸ். ரொனால்டோ 25-வது நிமிடத்திலேயே அழுதுகொண்டே வெளியேறிவிட்டார். அரையிறுதியில் ஜெர்மனியை 2-0 என்று வென்று வந்த அணி. எதிரில் இருந்ததோ அந்தத் தொடரில் 90 நிமிடத்துக்குள் ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்திருந்த போர்ச்சுகல். அன்று துணிந்திருந்தால் முடித்திருக்கலாம். பிரான்ஸில் அதிகம் கண்ணில் பட்டவர் நட்சத்திரமே இல்லாத நடுக்கள வீரர் சிசோகோ என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஜின்யாக்கின் ஷாட் கடைசி நிமிடத்தில் கம்பத்தில் பட்டது, கூடுதல் நேரத்தில் போர்ச்சுகலின் எடர் தூரத்திலிருந்து அடித்தார், முடிந்தது. தன்னைவிட அதிகம் ஜாக்கிரதையாக இருக்கத் தெரிந்தவரிடம், போர்ச்சுகல் பயிற்சியாளர் ஃபெர்னாண்டோ சான்டோஸிடம், டெஷாம்ப்ஸ் தோற்றார்.

பென்சிமாவை அத்தனை வருஷம் ஏன் ஒதுக்கினார்?

2015-ல் சக வீரர் வால்புவேனாவை ஒரு வீடியோவை வைத்து மிரட்டிய விவகாரத்தில் பென்சிமா பெயர் அடிபட்டது, அது நீதிமன்றம் வரை போன கதை. அதன்பின் 2021 வரை பென்சிமா அணியில் இல்லை. நடுக்கள வீரர் நஸ்ரியை 2014 உலகக் கோப்பைக்கு எடுக்கவில்லை. 2018-ல் காத்திருப்போர் பட்டியலில் இருக்க மாட்டேன் என்ற ரபியோவும் கொஞ்ச காலம் வெளியே. இவருக்கு 23 பேரில் முதல் 11 பேர் மட்டுமல்ல, ஆடவே போகாத 8 பேர் ஒரு மாதம் முகம் சுளிக்காமல் இருப்பார்களா என்பதும் முக்கியம். 2010-க்குப் பிறகு பிரான்ஸில் இதை யாரும் சில்லறை விஷயம் என்று சொல்ல முடியாது. பென்சிமா விஷயத்தில் கிட்டத்தட்ட ஆறு வருஷம் அதிகம்தான்.

2021-ல் நடந்த யூரோவில் சுவிட்சர்லாந்திடம் தோற்றது அந்தத் தற்காப்பால்தானே?

கிட்டத்தட்ட நேர்மாறு. பென்சிமா திரும்பி வந்திருந்தார். பின்னால் மூன்று பேர் வைத்து, ரபியோவை இடது ஓரத்தில் ஓடவிட்டு, பழக்கமில்லாத ஓர் அமைப்பில் தொடங்கினார். அது படுத்துவிட்டது, இடைவேளையிலேயே மாற்றினார். பிறகு பென்சிமா இரண்டு, போக்பா அற்புதமாக ஒன்று, 3-1. அந்த நிலையில் 2018 அணி என்ன செய்திருக்கும்? ஆட்டத்தைக் கொன்றிருக்கும். இந்த அணி கொண்டாடிக்கொண்டிருந்தது. 81, 90-வது நிமிடங்களில் கோல் வாங்கி 3-3, ஷூட்அவுட்டில் எம்பாப்பேயின் கடைசி பெனால்டி தடுக்கப்பட்டது. எல்லோரும் கேட்ட கவர்ச்சியான முன்கள மூவரை வைத்து ஆடிய தொடர் அது. அதன் பிறகு டெஷாம்ப்ஸ் இன்னும் ஜாக்கிரதையானதில் ஆச்சரியம் இல்லை.

2024 யூரோ ஏன் அவ்வளவு போரடித்தது?

கணக்கைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். ஆஸ்திரியா 1-0, அவர்களே போட்டுக்கொண்ட கோல். நெதர்லாந்து 0-0. போலந்து 1-1, எம்பாப்பேயின் பெனால்டி. பெல்ஜியம் 1-0, வெர்டோங்கன் தன் வலைக்குள்ளேயே போட்டது. போர்ச்சுகல் 0-0, ஷூட்அவுட். ஓடும் ஆட்டத்தில் ஒரு பிரெஞ்சு வீரர் தன் காலாலோ தலையாலோ ஒரு கோல்கூட அடிக்காமல் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள்! அங்கே கோலோ முவானி ஒன்பதாவது நிமிடத்தில் ஒன்று போட்டார், சரி இன்றைக்குத் திறந்துவிட்டது என்று நினைப்பதற்குள் ஸ்பெயினின் யமாலும் ஓல்மோவும் நான்கு நிமிட இடைவெளியில் இரண்டைப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு பிரான்ஸிடம் பதில் இல்லை.

அரையிறுதிக்கு முன் ஒரு ஸ்வீடன் பத்திரிகையாளர் இந்த ஆட்டம் சலிப்பாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, போரடித்தால் வேறு ஏதாவது பாருங்கள் என்று டெஷாம்ப்ஸ் சொல்லிவிட்டார். பதில் எனக்குப் பிடித்திருந்தது, ஆட்டம் பிடிக்கவில்லை.

காரணம் ஜாக்கிரதை மட்டுமில்லை. பேரம் குலைந்துவிட்டது. எம்பாப்பேவுக்கு முதல் ஆட்டத்திலேயே மூக்கு உடைந்து முகமூடியோடு ஆடினார், அவருடைய வேகம் அந்தத் தொடரில் இல்லவே இல்லை. கிரீஸ்மானை அங்கும் இங்கும் மாற்றிக் கடைசியில் பெஞ்சில் உட்கார வைத்தார், அவர் 2024 செப்டம்பரில் தேசிய அணியிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். சுமப்பவரும் இல்லை, சுமந்து கொடுத்தால் அடிப்பவரும் இல்லை. எஞ்சியது தற்காப்பு மட்டும், மொத்தத் தொடரிலும் மூன்று கோல்தான் வாங்கினார்கள்.

2004 கிரீஸ், 2022 மொராக்கோ மாதிரிதான் இவரும் என்று சொல்லலாமா?

வேண்டாம். ரெஹாகலின் கிரீஸுக்கு வேறு வழி இல்லை. காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என்றே ஜெயித்த அணி அது, ஆளுக்கு ஆள் காவல் போட்டு. ரெக்ராகியின் மொராக்கோவும் தன்னைவிடப் பெரிய அணிகளைச் சமாளிக்கவே அப்படி ஆடியது. அவர்களுடைய ஜாக்கிரதையை எல்லோரும் கைதட்டி ரசித்தோம். பிரான்ஸ் அதையே செய்தால் கோபம் வருகிறது, ஏனென்றால் அவர்களிடம் எல்லாம் இருக்கிறது. இது கொஞ்சம் நியாயமற்ற கோபம்தான், ஆனாலும் எனக்கும் வரும். வேடிக்கை என்னவென்றால், பிரான்ஸ்-மொராக்கோ அரையிறுதியில் ஐந்தாவது நிமிடத்திலேயே கோல் வாங்கியதால் பந்தை வைத்துக்கொண்டு ஆடும் கட்டாயம் மொராக்கோவுக்கு வந்துவிட்டது, பிரான்ஸ் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. 2-0.

இப்போது மாறிவிட்டார் என்கிறார்களே?

2026 உலகக் கோப்பையோடு விலகுவதாக 2025 ஜனவரியில் அறிவித்தார். அதற்கப்புறம் ஏதோ சுமை இறங்கியவர் மாதிரி எம்பாப்பே, டெம்பெலே, ஒலீஸே, டுவே என்று நான்கு பேரையும் ஒன்றாக இறக்கத் தொடங்கினார். 2025 ஜூனில் ஸ்டுட்கார்ட்டில் ஸ்பெயினுடன் நேஷன்ஸ் லீக் அரையிறுதி. ஒரு கட்டத்தில் 4-0, பிறகு 5-1 பின்னால். அங்கிருந்து அடித்து அடித்து 5-4 வரை வந்து தோற்றார்கள். பார்க்க அருமையான ஆட்டம். ஐந்து கோல் வாங்கினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது: நான்கு பேருக்கு விடுதலை கொடுத்தால், மிச்சமிருக்கும் ஆறு பேர் எவ்வளவுதான் ஓடுவார்கள்?

இதையெல்லாம் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள ஓர் ஆட்டம் சொல்லுங்கள்.

2018 பெல்ஜியம் அரையிறுதி, முழு ஆட்டம், சுருக்கக் காட்சிகள் அல்ல. பந்தைப் பார்க்காதீர்கள். முதல் பாதியில் மத்துயிதியை மட்டும் பாருங்கள், பெல்ஜியம் பந்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றும்போது எத்தனை தடவை அவர் உள்ளே ஒடுங்கி வருகிறார் என்று. இரண்டாம் பாதியில் கான்டே. அடுத்த நாள் நேரம் இருந்தால் 2022 மொராக்கோ ஆட்டத்தைப் போட்டு, கிரீஸ்மானை மட்டும் அதேபோல் பாருங்கள். அதன் பிறகும் டெஷாம்ப்ஸைத் திட்டலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை, 2016-ஐ வைத்துத் திட்டுங்கள்.